ஹால் 3-இல் கிடைக்காத செய்தி: 2015 பிராங்பர்ட் மோட்டார் ஷோவின் பத்திரிகையாளர் நாட்கள்

2015 செப்டம்பர் 15, 16 ஆகிய இரண்டு நாட்களும் உலகத்தின் கார் நிருபர்களில் பெரும்பாலோர் ஒரே வளாகத்துக்குள் இருந்தார்கள். பிராங்பர்ட் மோட்டார் ஷோவைப் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்னால் பத்திரிகையாளர்களுக்கென்று ஒதுக்கிய நாட்கள் அவை. 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ஆளாளுக்கு ஊர் திரும்பி மிச்சக் கட்டுரைகளை அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கடிதத்தை வெளியிட்டது. ஃபோக்ஸ்வேகனின் 2009 முதல் 2015 வரையிலான மாடல் டீசல் கார்களில் ஒரு மென்பொருள் இருக்கிறது. புகைச் சோதனை நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மட்டும் அது எஞ்சினை ஒழுங்காக நடக்க வைக்கும். சாலையில் ஓடும்போது அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு வெளியேறும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,82,000 கார்கள். கார் துறையில் அந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய செய்தி அதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய தேதி இன்னொன்று. செப்டம்பர் 3 அன்றே ஃபோக்ஸ்வேகன் தரப்பு அமெரிக்க முகமையிடமும் கலிபோர்னியா காற்று வள வாரியத்திடமும் விஷயத்தை ஒப்புக்கொண்டுவிட்டது. பிராங்பர்ட்டில் முதல் பத்திரிகையாளர் நாள் விடிந்தபோது அந்த ஒப்புதலுக்கு 12 நாள் வயது. நிருபர்கள் இருந்தார்கள், கேமராக்கள் இருந்தன, நிறுவனத்தின் பெரிய தலைகள் எல்லாம் மேடைக்கு வந்து போனார்கள். செய்தி மட்டும் வெளியே வரவில்லை.

இதை வைத்து அங்கே போனவர்களைக் கரித்துக் கொட்டுவது சுலபம். அதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு பெரிய மோட்டார் ஷோவுக்கு நிருபராகப் போய் நிற்பதால் எது கிடைக்கும், எத்தனை நாள் நின்றாலும் எது கிடைக்காது என்று பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. அதற்காகத்தான் இந்த ஆய்வு.

பேட்ஜ் கழுத்தில் ஏறுவதற்கு முன்

பத்திரிகையாளர் நாளுக்கு டிக்கெட் விற்பதில்லை. ஆசிரியரின் கடிதம், சமீபத்தில் வெளியான கட்டுரைகள், பத்திரிகையாளர் அட்டை என்று கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இது வெறும் சடங்குதான் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் உள்ளே போனால், பேட்ஜ் மாட்டியிருப்பவர்களில் கணிசமானவர்கள் நிருபர்களே இல்லை என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். உதிரிபாகம் செய்யும் நிறுவனங்களின் ஆட்கள், போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள், வடிவமைப்பாளர்கள், பங்குச் சந்தை ஆய்வாளர்கள் எல்லாரும் அதே கூட்டத்தில்தான் நடக்கிறார்கள். பேட்ஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு காரின் கதவுக் கீலை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்று தெரிந்தால், பல நேரம் மேடையில் பேசுபவரைவிட அவரிடம்தான் விஷயம் இருக்கும்.

பயணச் செலவு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். விமானம், ஹோட்டல், சாப்பாடு எல்லாவற்றையும் கார் நிறுவனமே ஏற்று நிருபர்களைக் கூட்டிப்போவது இந்தத் துறையில் சாதாரணம். அதை மறுக்கிற பத்திரிகைகள் இருக்கின்றன. கட்டுரையின் அடியில் ஒரு வரி போட்டுச் சொல்லிவிடுகிற பத்திரிகைகளும் இருக்கின்றன. இரண்டும் செய்யாதவை அதிகம். இதை லஞ்சம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நடைமுறையில் அது செய்கிற பெரிய வேலை வேறு: உங்கள் நேரம் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. காலை எத்தனை மணிக்குப் பேருந்து, எந்த மேடையின் முன்னால் எப்போது நிற்க வேண்டும், மாலையில் யாருடன் விருந்து என்பதெல்லாம் அச்சடித்த தாளில் இருக்கும். அதில் இல்லாத இடத்துக்குப் போக நீங்கள் யாரிடமாவது சாக்குச் சொல்ல வேண்டும்.

அப்புறம் எம்பார்கோ. அதாவது, தகவலும் படங்களும் உங்கள் கைக்கு முன்பே வந்துவிடும், குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னால் வெளியிடக் கூடாது. 2015 பிராங்பர்ட்டில் பெரிதாகப் பேசப்பட்ட கார்களையே எடுத்துக்கொள்ளலாம். பிஎம்டபிள்யூவின் புதிய 7 சீரிஸ் படங்கள் ஜூன் மாதமே வெளியாகிவிட்டன. புதிய எக்ஸ்1, ஆடி ஏ4 இரண்டும் அதே மாதம். ஃபோக்ஸ்வேகனின் அடுத்த தலைமுறை டிகுவான், பென்ட்லியின் பென்டெய்கா, ஜாகுவார் எஃப்-பேஸ் எல்லாம் ஷோவை ஒட்டி வந்தன என்றாலும், அவற்றின் அளவுகளும் எஞ்சின் விவரங்களும் நிருபர்களுக்குத் தரும் தகவல் தொகுப்பான பிரஸ் கிட்டில் தயாராக இருந்தன. ஒரு காலத்தில் கனமான காகிதக் கட்டாக இருந்த பிரஸ் கிட் அப்புறம் சிடி ஆனது, பென் டிரைவ் ஆனது, இப்போது வெறும் இணைப்பு முகவரி. காரைப் பார்க்காமலேயே எழுத முடிகிற கட்டுரையை எழுதத்தான் பாதிப் பேர் அங்கே போகிறார்கள் என்றால் அதில் பெரிய மிகை இல்லை.

இரண்டு நாளின் ஓட்டம்

பிராங்பர்ட் கண்காட்சி வளாகம் சின்ன இடமில்லை. நகரத்தின் பக்கம் இருக்கும் ஃபெஸ்ட்ஹாலே என்கிற பழைய குவிமாட மண்டபத்தை மெர்சிடிஸ் மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்தது. வளாகத்தின் எதிர்க் கோடியில் ஹால் 11 பிஎம்டபிள்யூவுக்கு. உள்ளேயே கார்கள் ஓடுகிற மாதிரி உயர்த்திக் கட்டிய பாதை போட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஹால் 3, ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் கோட்டை. ஒரு மேடையில் நிகழ்ச்சி முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடுத்தது இன்னொரு ஹாலில். கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு எஸ்கலேட்டர், நகரும் நடைபாதை, திரும்ப எஸ்கலேட்டர். வரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் முதல் நாளின் உண்மையான வேலை.

மேடை நிகழ்ச்சியின் வடிவம் எங்கே போனாலும் ஒன்றுதான். விளக்கு அணையும், இசை அதிரும், பெரிய திரையில் மலைப்பாதையில் ஒரு கார் ஓடும், தலைவர் வருவார், விற்பனை எண்ணிக்கை சொல்வார், எதிர்காலம் என்பார், துணி விலகும். அந்த நொடியில் முன்வரிசைப் புகைப்படக்காரர்கள் மேடை மேல் ஏறிவிடுவார்கள். அவ்வளவுதான். கேள்விக்கு நேரம் கிடையாது. வெளியே இருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். 'பிரஸ் கான்பரன்ஸ்' என்று பெயர் போட்ட அந்தக் கால் மணி நேரத்தில் பிரஸ் வாயைத் திறப்பதற்கு இடமே இல்லை. கேள்வி கேட்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால், நிறுவனத்தின் ஸ்டால் மாடியில் ஒரு கண்ணாடி அறையில், ஏழெட்டு நிருபர்கள் ஒரு வட்ட மேஜையைச் சுற்றி உட்கார, ஒரு அதிகாரி பதில் சொல்வார். பக்கத்தில் நிறுவனத்தின் மக்கள் தொடர்பைக் கவனிக்கும் ஒரு பிஆர் ஆள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆளுக்கு ஒரு கேள்வி, அதிகம் போனால் இரண்டு. ஒருவர் தன் நாட்டில் அந்தக் கார் எப்போது வரும் என்று கேட்பார், இன்னொருவர் விலையைக் கேட்பார். நேரம் முடிந்துவிடும்.

அந்த வருஷம் ஃபோக்ஸ்வேகனைப் பற்றி நிருபர்களிடம் கேள்வியே இல்லாமல் இல்லை. ஏப்ரலில் குழுமத்தின் மேற்பார்வைக் குழுத் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெஹ், தலைமை நிர்வாகி மார்ட்டின் வின்டர்கோர்னுடன் மோதி, கடைசியில் தானே பதவி விலகியிருந்தார். 2015-இன் முதல் பாதியில் விற்பனையில் டொயோட்டாவை முந்தி ஃபோக்ஸ்வேகன் உலகின் முதல் இடத்தைப் பிடித்திருந்தது. வின்டர்கோர்னின் ஒப்பந்தத்தை 2018 வரை நீட்டிக்கும் பரிந்துரை செப்டம்பர் 2ஆம் தேதி வெளியானது, அதாவது அமெரிக்காவில் ஒப்புக்கொண்டதற்கு முந்தின நாள். செப்டம்பர் 25-இல் மேற்பார்வைக் குழு அதற்கு வாக்களிக்க வேண்டியிருந்தது. ஆகவே கேட்கத் தெரிந்தவர்களும் அதிகாரம் யார் கையில், அடுத்து யார், சீனச் சந்தை என்ன ஆகும் என்றுதான் துருவினார்கள். எல்லாமே நியாயமான கேள்விகள்.

பெரிய ஷோக்களுக்கு முந்தின இரவு குழுமத்தின் பிராண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே மேடையில் நடத்தும் விருந்துக் காட்சிக்கு 'குரூப் நைட்' என்று பெயர். செப்டம்பர் 14 இரவும் அது நடந்தது. போர்ஷேயின் மிஷன் ஈ அங்கேதான் அறிமுகமானது: நான்கு கதவு, முழு மின்சாரம், 800 வோல்ட் அமைப்பு, 15 நிமிடத்தில் 80 சதவீத சார்ஜ் என்ற வாக்குறுதி. 2019-இல் அதுவே டைகன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மின்சாரக் காரும் டிஜிட்டலும்தான் அன்றைய பேச்சு. நேர்மையாகச் சொன்னால், அன்று அந்த இரவைப் பற்றி எழுதியவர்கள் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. மிஷன் ஈ உண்மையிலேயே செய்திதான்.

நிற்கிற வண்டியில் என்ன தெரியும்

இந்த இடத்தில் நான்கு வருஷம் பின்னால் போக வேண்டும். 2011 பிராங்பர்ட் ஷோ. ஹூண்டாயின் புதிய ஐ30 நிற்கிறது. வின்டர்கோர்ன் தன் ஆட்களுடன் வருகிறார். காரைச் சுற்றிப் பார்க்கிறார், பின்பக்கத்தைத் தடவுகிறார், அளக்கிறார். அப்புறம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மேலும் கீழும் அசைக்கிற லீவரை இழுத்துப் பார்க்கிறார். சத்தமே இல்லை. 'பிஷொஃப்!' என்று தன் வடிவமைப்புத் தலைவரைக் கூப்பிடுகிறார். இங்கே எதுவும் கடகடக்கவில்லையே, பிஎம்டபிள்யூவால் முடியவில்லை, நம்மாலும் முடியவில்லை, இவர்களால் மட்டும் எப்படி முடிந்தது என்று முகம் சுளிக்கிறார். பக்கத்தில் யாரோ படம் பிடித்துவிட்டார்கள். அந்தச் சின்ன வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ஹூண்டாய் கோடி கோடியாகச் செலவழித்தாலும் கிடைக்காத விளம்பரம்.

மோட்டார் ஷோவுக்கு நேரில் போவதன் பலன் என்ன என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். பிரஸ் கிட்டில் அது இல்லை, மேடையில் இல்லை, நேரலையில் இல்லை. ஒரு பெரிய மனிதர் போட்டியாளரின் ஸ்டாலில் தன்னை மறந்து நின்ற அரை நிமிடம் அது. பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் கிடைத்தது.

அதே வீடியோ இன்னொன்றையும் காட்டுகிறது. நிற்கிற வண்டியில் எதைச் சோதிக்கலாம் என்பதற்கு அது நல்ல பட்டியல். தகடுகளுக்கு இடையிலான இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, கதவு என்ன சத்தத்தோடு மூடுகிறது, கைக்கு எட்டாத இடத்தில் பிளாஸ்டிக் எப்படி, பின்னிருக்கையில் முழங்காலுக்கு எவ்வளவு இடம், டிக்கியின் விளிம்பு எவ்வளவு உயரம். நல்ல நிருபர் அளவு நாடா கொண்டுபோவார். வெறும் மாதிரியாகக் காட்டுகிற கான்செப்ட் கார் என்றால் கதவு பூட்டியிருக்கும், கண்ணாடி கருப்பாக இருக்கும். உள்ளே ஒன்றும் முடிவாகவில்லை என்று அர்த்தம். உற்பத்திக்கு நெருங்கிய வண்டி என்றால் உட்கார விடுவார்கள். ஒவ்வொருவர் இறங்கியதும் கையில் மைக்ரோஃபைபர் துணியோடு ஒரு பணியாளர் வந்து கதவுக் கைப்பிடி, ஓரம், திரை என்று கைரேகைகளைத் துடைத்துவிட்டுப் போவார். நாள் முழுக்க இதே வேலை. அந்தப் பணியாளர் எந்த வண்டிப் பக்கம் அதிகம் ஓடுகிறார் என்று பார்த்தாலே எந்த கார் எடுபட்டது என்று சொல்லிவிடலாம். எந்த விற்பனைக் கணிப்பையும்விட எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

ஆனால் எஞ்சின் ஓடாத காரின் புகையை யாரும் பார்க்க முடியாது.

2015 முதல் நாள் காலையில் இன்னொன்று நடந்தது. பிஎம்டபிள்யூ மேடையில் தலைமை நிர்வாகி ஹரால்ட் குரூகர் பேச ஆரம்பித்த சில நிமிடத்தில் தள்ளாடிப் பின்பக்கமாக விழுந்தார். அந்த வருஷம் மே மாதம்தான் பதவிக்கு வந்தவர், தலைவராக அவருக்கு அது முதல் பெரிய ஷோ. இரண்டு பேர் ஓடிவந்து தூக்கிக் கூட்டிப்போனார்கள். நிகழ்ச்சி ரத்தானது. பயண அலுப்பில் உடம்பு சரியில்லை, இப்போது தேறிவிட்டார் என்று நிறுவனம் பின்னர் சொன்னது. அன்று உலகம் முழுக்க ஓடிய பிராங்பர்ட் செய்தி அதுதான்; 7 சீரிஸ் பின்னால் போய்விட்டது. அவர் விழுகிற காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் எனக்குச் சம்மதமில்லை என்றாலும், ஏன் அது செய்தியானது என்பது புரிகிறது. அச்சடித்த நிரலில் இல்லாத ஒரே விஷயம் அது. நிரலில் இல்லாததைத் தேடியே பசியோடு இருக்கும் அத்தனை கேமராக்களும் ஒரே இடத்தில் குவிந்தன.

ஷோவின் இயல்பு இப்படித்தான். கண்ணுக்கு முன்னால் தவறுவது எதுவானாலும் உடனே மாட்டிக்கொள்ளும். கண்ணுக்கு முன்னால் தவறாமல், வேறு கண்டத்தில் ஒரு அலுவலக அறையில் எழுத்தில் இருப்பது ஒருபோதும் மாட்டாது.

செய்தி இருந்த இடம்

எழுத்தில் இருந்தது என்றேன். அது ரகசியமும் இல்லை, முழுக்க வெளிப்படையும் இல்லை.

தூய போக்குவரத்துக்கான சர்வதேசக் குழு, அதாவது ஐசிசிடி, 2013-இல் மேற்கு வெர்ஜினியா பல்கலைக்கழகத்திடம் ஒரு சின்ன ஆய்வை ஒப்படைத்தது. தொகை சுமார் 70,000 டாலர். ஒரு பெரிய ஷோவில் ஒரு ஸ்டால் விளக்குச் செலவுக்குக்கூடக் காணாது. நோக்கம் மோசடியைக் கண்டுபிடிப்பது இல்லை. அமெரிக்காவின் கடுமையான விதிகளுக்கு உட்பட்டு டீசல் கார்கள் சுத்தமாக ஓடுகின்றன என்று காட்டினால், ஐரோப்பாவிலும் அதைக் கேட்கலாம் என்பதுதான் எண்ணம். பல்கலைக்கழகத்தின் டான் கார்டர், அரவிந்த் திருவேங்கடம், மார்க் பெஷ் ஆகியோர் மூன்று டீசல் கார்களை எடுத்தார்கள். டிக்கியில் கருவி, புகைக் குழாயிலிருந்து அதற்கு ஒரு குழாய், மின்சாரத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த ஜெனரேட்டர். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை ஒரு காரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார்கள்.

முடிவு 2014 மே மாதம் அறிக்கையாக வெளியானது. ஒரு காரில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு, இன்னொன்றில் 5 முதல் 20 மடங்கு. மூன்றாவது கார் பெரும்பாலும் வரம்புக்குள் இருந்தது. அறிக்கையில் கார்களுக்குப் பெயர் இல்லை. வாகனம் ஏ, வாகனம் பி, வாகனம் சி என்றுதான் இருந்தது. ஏ, ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா. பி, அதே நிறுவனத்தின் பசாட். சி, பிஎம்டபிள்யூ எக்ஸ்5. யார் வேண்டுமானாலும் தரவிறக்கிப் படிக்கிற மாதிரி அது ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது. சரி, ஒரு கார் நிருபர் அதைப் படித்திருப்பாரா? அந்த மாதிரி அறிக்கைகள் சுற்றுச்சூழல் நிருபரின் மேஜைக்குப் போகும், கார் நிருபரின் மேஜைக்கு வராது. பத்திரிகை அலுவலகத்துக்குள் இந்த இரண்டு மேஜைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே அபூர்வம்.

கலிபோர்னியா வாரியம் அதைப் பிடித்துக்கொண்டது. 2014 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன், மென்பொருளைச் சரிசெய்கிறோம் என்று சொல்லி அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. 2015 மே மாதம் வாரியம் மறுபடி சோதித்தது. பெரிய மாற்றம் இல்லை. கடைசியில் அதிகாரிகள் கைவைத்த இடம் கச்சிதமானது: சரியான விளக்கம் வராமல் 2016 மாடல் டீசல் கார்களுக்கு அனுமதி தர மாட்டோம் என்றார்கள். செப்டம்பர் 3 ஒப்புதல் அதன் பிறகு வந்ததுதான்.

இந்தக் கடைசி விவரம் முக்கியம். ஒரு பெரிய நிறுவனம் அடுத்த வருஷ மாடலுக்கு ஒரு பெரிய சந்தையில் அனுமதி வாங்க முடியாமல் நிற்கிறது. இது மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கும் விஷயம் இல்லை. விற்பனையாளரிடம் வண்டி வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்கிற சாதாரணக் கேள்வி. ஹால் 3-இல் வட்ட மேஜையில் உட்கார்ந்த யாராவது இந்த ஒன்றைக் கேட்டிருந்தால் உண்மை கொட்டியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரிக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். தலைமை நிர்வாகிக்கு எப்போது எவ்வளவு தெரிந்தது என்பதே நீதிமன்றம் வரை போனது. 2024 செப்டம்பரில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் விசாரணை தொடங்கியபோதும் வின்டர்கோர்ன் குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆனால் தயாரித்த பதில் இல்லாத கேள்வி அது ஒன்றுதான் இருந்திருக்கும். பிஆர் ஆள் குறிப்பேட்டை எடுத்து, பிறகு தெரிவிக்கிறோம் என்று எழுதிக்கொள்கிற கேள்வி. அந்த 'பிறகு' எவ்வளவு நாள் இழுக்கிறது என்பதே ஒரு தடயம்.

அடுத்த பதினொரு நாள்

வேடிக்கை என்னவென்றால் ஷோ முடியவில்லை. சான்சலர் ஏங்கலா மெர்கெல் 17ஆம் தேதி அதைத் தொடங்கி வைத்தார். 27 வரை பொதுமக்கள் வந்துகொண்டிருந்தார்கள். 20ஆம் தேதி ஞாயிறு வின்டர்கோர்ன் மன்னிப்புக் கேட்டார். திங்கள் பங்கு விலை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. செவ்வாய், உலகம் முழுக்க 1.1 கோடி கார்கள் என்று நிறுவனமே அறிவித்தது. புதன் அவர் பதவி விலகினார். ஒப்பந்த நீட்டிப்புக்கு வாக்கு என்று வைத்திருந்த 25ஆம் தேதி மத்தியாஸ் முல்லர் புதிய தலைவரானார். இத்தனையும் நடக்க நடக்க ஹால் 3-இல் மேடை விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் கேள்விகளோடு போயிருக்க வேண்டிய நிருபர்கள் அங்கே இல்லை. பத்திரிகையாளர் நாட்கள் ஆரம்பத்தில் இருப்பதால் வரும் விளைவு இது: எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போய்விடுகிறார்கள். நிரலுக்கு வெளியே இரண்டு நாள் கூடத் தங்கியவருக்கு அந்த வாரம் என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

அதே 21ஆம் தேதி திங்கள் இரவு நியூயார்க்கின் புரூக்ளினில் 2016 பசாட் அறிமுக விழா முன்பே ஏற்பாடாகியிருந்தது. பாட்டுக் கச்சேரிக்கு லெனி கிராவிட்ஸ். ரத்து செய்வார்கள் என்று பலர் நினைத்தார்கள். செய்யவில்லை. அமெரிக்கப் பிரிவின் தலைவர் மைக்கேல் ஹார்ன் மேடையேறி, காரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அமெரிக்க முகமையிடமும் கலிபோர்னியா வாரியத்திடமும் உங்களிடமும் நாங்கள் நேர்மையாக இல்லை, முழுக்கச் சொதப்பிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும் மேடை, விளக்கு, துணி மூடிய கார் எல்லாம் வழக்கம்போலத்தான். கேட்பவர்கள் ஏற்கெனவே விஷயத்தைத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள் என்பது மட்டும் மாறியிருந்தது. மேடையில் இருப்பவருக்கு அதைத் தாண்டிப் போக வழியில்லாமல் போய்விட்டது.

2016 மார்ச் 1, ஜெனீவா ஷோவின் பத்திரிகையாளர் நாள். ஃபோக்ஸ்வேகன் அதிகாரி யூர்கன் ஸ்டாக்மன் பேசிக்கொண்டிருக்கும்போது, மெக்கானிக் உடை போட்ட ஒருவர் ஸ்பேனரோடு மேடைக்கு வந்து காரின் அடியில் படுத்து, புதிய ஏமாற்றுப் பெட்டியை மாட்ட வந்திருக்கிறேன், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றார். பிரிட்டிஷ் நகைச்சுவையாளர் சைமன் பிராட்கின். பாதுகாவலர்கள் இழுத்துப்போவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பத்திரிகையாளர் நாளில் அந்த மேடையில் யாரோ நேரடியாக விஷயத்தைப் பேசினார் என்றால், அவர் பிரஸ் பேட்ஜை நம்பி வந்தவர் இல்லை, ஸ்பேனரோடு வந்தவர். இதை நினைத்துச் சிரித்த நிருபர்களில் நானும் உண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு.

ஷோ மெலிந்த பிறகு

இந்த விவகாரம்தான் மோட்டார் ஷோக்களைச் சாய்த்தது என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய ஸ்டாலுக்கு ஆகும் செலவில் தன் சொந்த நேரலையை நடத்தி, அன்றைய தினம் முழுக்கத் தன் காரைப் பற்றி மட்டுமே பேச வைக்கலாம் என்று நிறுவனங்கள் கணக்குப் போட்டுவிட்டன. 2015-இல் 9 லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள் வந்த பிராங்பர்ட்டில் 2019-இல் சுமார் 5.6 லட்சம் பேர்தான். டொயோட்டா, வால்வோ போன்றவை வரவே இல்லை. 2020 ஜெனீவா ஷோ, பத்திரிகையாளர் நாட்களுக்குச் சில நாள் முன்னால், ஸ்டால்கள் பெரும்பாலும் எழும்பிவிட்ட நிலையில், கொரோனாவால் சுவிஸ் அரசு பெரிய கூட்டங்களைத் தடை செய்ததும் பிப்ரவரி 28-இல் ரத்தானது. நிறுவனங்கள் ஓரிரு நாளில் இணையத்துக்கு மாறிக்கொண்டன, பெரிய நஷ்டம் எதுவும் உணரவில்லை. 2024-இல் சிறிய அளவில் திரும்பி வந்த ஜெனீவா, அதே வருஷம் மே கடைசியில் இனி இல்லை என்று அறிவித்துவிட்டது.

நிருபருக்கு இதில் நஷ்டம் உண்டா? மேடைக் காட்சி போனதில் எந்த நஷ்டமும் இல்லை. அது எப்போதுமே நேரலையில் பார்க்கத் தகுந்ததுதான். போட்டியாளரின் ஸ்டாலில் வின்டர்கோர்ன் நிற்கிற அரை நிமிடம் போய்விட்டது. ஒரே நிறுவனம் மட்டும் நடத்துகிற தனி விழாவில் போட்டியாளர் யாரும் அளவு நாடாவோடு நடமாட மாட்டார். பேட்ஜைத் திருப்பிப் போட்ட பொறியாளரும் இருக்க மாட்டார். வந்திருப்பவர்கள் எல்லாரும் அந்த நிறுவனம் பெயர் சொல்லி அழைத்தவர்கள்.

ஆகவே இன்னும் நடக்கிற ஷோக்களுக்குப் போக வாய்ப்புக் கிடைக்கும் இளம் நிருபர்களிடம் நான் சொல்வது இரண்டு விஷயம். முதல் நாளை மேடைகளுக்குக் கொடுத்தாக வேண்டும் என்றால் கொடுங்கள், அலுவலகம் அதைத்தான் கேட்கும். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் ஹால்கள் காலியாகும். பெரிய அதிகாரிகள் விமானம் ஏறிவிடுவார்கள். ஸ்டாலில் எஞ்சின் வெட்டுத் தோற்றத்துக்குப் பக்கத்தில், எஞ்சினையோ பேட்டரியையோ உண்மையில் வடிவமைத்த ஒருவர், யாரும் ஒன்றும் கேட்காமல் நின்றுகொண்டிருப்பார். அவரிடம் போய்ப் பேசுங்கள். பிஆர் ஆள் பெரும்பாலும் சாப்பிடப் போயிருப்பார். இரண்டாவது, கிளம்புவதற்கு முந்தின வாரம் பிரஸ் கிட்டைப் படிக்கிற நேரத்தில் பாதியை, அந்த நிறுவனம் எந்தெந்த நாட்டில் எந்த ஒழுங்குமுறை அமைப்போடு கடிதப் போக்குவரத்தில் இருக்கிறது, எந்த மாடல் திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறது, எது வருவதாகச் சொல்லி வராமல் இருக்கிறது என்று பார்க்கக் கொடுங்கள். திரும்ப அழைப்பு அறிவிப்புகள் பெரும்பாலான நாடுகளில் பொதுவெளியில்தான் கிடக்கின்றன.

பிராங்பர்ட் ஷோ 2021-இல் மியூனிக்குக்குப் போய்விட்டது. அங்கே கண்காட்சி வளாகத்தோடு நகர்ச் சதுக்கங்களிலும் கார்களை நிறுத்தினார்கள். இரண்டையும் இணைக்கும் ஒரு தடத்தில் வண்டிகளை ஓட்டிப் பார்க்கவும் விட்டார்கள். நிருபர்கள் அதில் ஏறி ஒரு சுற்று வந்தார்கள். சில கிலோமீட்டர்தான். ஆனாலும் எஞ்சின் ஓடாமல் நிற்கும் வண்டியைச் சுற்றி வருவதைவிட அதில் கேட்கத் தோன்றும் கேள்விகள் அதிகம்.